எண்ணெய் கலக்காத பெட்ரோல்

எங்கள் பெட்ரோல் பங்க்குக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. வைத்துவிட்டுப் போகட்டும். கார்க்காரர்களோடு எனக்கு ஒரு வம்பும் கிடையாது. சின்ன மோட்டார் சைக்கிள் வந்து நின்றால்தான் தகராறு. "எண்ணெய் கலந்தாச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். "அவசரமா போறேம்பா, நீ வெறும் பெட்ரோலைப் போடு, எண்ணெய அப்புறம் ஊத்திக்கிறேன்" என்பான். நான் குழாயைக் கொக்கியில் மாட்டிவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். அதற்கப்புறம் அவன் எவ்வளவு கத்தினாலும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டுத் திட்டிவிட்டார். திட்டட்டுமே, எனக்கென்ன வந்தது?

சின்ன வண்டியின் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார் எஞ்சினுக்கு எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. இந்தச் சின்ன வண்டிகள் பலவற்றுக்கு அப்படி இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். இருபது பங்குக்கு ஒரு பங்கு. பெட்ரோல் எரிந்து வண்டியை ஓட்டும், எண்ணெய் உள்ளே போய்ப் பிஸ்டனை வழுக்கிக்கொண்டு போகவைக்கும். எண்ணெய் இல்லையென்றால் இரும்போடு இரும்பு உரசி, சூடேறி, கவ்விக்கொள்ளும். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து, பெட்ரோலை எசான்ஸ் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நாளிலிருந்து, எனக்கு இது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

என் தம்பி பலராமனிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. துவான் என்று நாங்கள் சொல்லும் சுங்க ஆபீசில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், ஐம்பத்துநாலில் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விட்டுப்போன வண்டி. நாய்க்குட்டி உயரம்தான் இருக்கும், சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கும். விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போவான். வலையிலிருந்து இறங்கும் மீனைக் கூடையில் கட்டிப் பின்னால் வைத்து, மற்றவர்கள் சைக்கிள் மிதித்து வந்து சேருவதற்குள் பெரிய மார்க்கெட்டில் இறக்கிவிடுவான். மத்தியானத்துக்கு மேல் ஐஸ் ஏற்றிக்கொண்டு இன்னொரு நடை. பொழுது சாயும் நேரத்தில் வைத்திக்குப்பத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேருவான்.

எங்கள் அம்மா அங்கம்மாள் அந்தச் சத்தம் கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டாள். "மணிக்கூண்டுகிட்ட வந்துட்டான்" என்பாள். எனக்கு ஒன்றும் கேட்காது. நாலு நிமிஷம் கழித்துப் பார்த்தால் வாசலில் நிற்பான். நான் வேலை முடிந்து நடந்து வருவதை எவளாவது காது கொடுத்துக் கேட்டாளா? அதற்கும் நான் கத்தியிருக்கிறேன்.

நான் கத்துவேன். ஒளிக்க என்ன இருக்கிறது? உப்பு குறைந்தால் கத்துவேன், செருப்பு இடம் மாறியிருந்தால் கத்துவேன். பலராமனுக்கு அது விளையாட்டு. எங்கள் பங்க்கில் இரண்டு பம்பு. ஒன்று சாதா, இன்னொன்று பெரிய கார்களுக்குப் போடுகிற உசத்தி ரகம். அவன் வண்டியை வேண்டுமென்றே உசத்தி பம்புக்குப் பக்கத்தில் நிறுத்துவான்.

"அண்ணே, இன்னிக்கு உசத்தி போடு."

"டேய், அறிவிருக்கா உனக்கு? இது என்னா துரை காரா? இந்தத் தகர டப்பாவுக்குச் சாதா போதும். எண்ணெய மட்டும் நல்லதா ஊத்து, அளவா ஊத்து. அதுதான் இதுக்கு உசுரு."

"தெரியும்ணே. நீ கத்தறதைக் கேக்கலாம்னுதான் கேட்டேன்" என்று சிரிப்பான். அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சியிடமும் போய்ச் சொல்லிச் சிரிப்பான். நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஐம்பத்தேழு ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாலு நாள் மிளகு கஷாயம். ஐந்தாம் நாள் நெஞ்சில் சிவப்பாக ஏழெட்டுப் புள்ளி. அம்மா பார்த்தவுடன் கும்பிட்டுவிட்டாள். "ஆத்தா வந்திருக்காடா" என்று வேப்பிலையை ஒடித்து வாசலில் செருகினாள். அம்மை வந்த வீட்டில் ஊசி கூடாது, மருந்து கூடாது என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அது அம்மையாகப் படவில்லை. அம்மைக் கொப்புளம் நான் பார்த்திருக்கிறேன், முகத்தில்தான் முதலில் வரும். இவனுக்கு முகம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி என்ன சீமையிலா இருக்கிறது? கைவண்டியில் படுக்கவைத்துத் தள்ளினால் அரை மணி நேரம். கத்தினேன். தெருவே கூடிவிட்டது, அப்படிக் கத்தினேன். "இது ஆத்தாளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! நான் தூக்கிட்டுப் போறேன்!" அம்மா குறுக்கே விழுந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாவைத் திட்டாதடா பாவி, எம்புள்ளையக் குடுத்துட்டுப் போவச் சொல்லி வேண்டிக்கிட்டிருக்கேன்" என்று அழுதாள். அஞ்சலாட்சி கதவோரத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "உம்புள்ளை, உன் இஷ்டம், எப்படியோ போங்க!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பதினாலாம் நாள் பலராமன் செத்துப்போனான். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் பெட்ரோல் போட வந்தபோது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "டைபாய்டா இருக்கும்யா. இப்பதான் அதுக்கு மாத்திரை வந்துடுச்சே" என்றார். பலராமனுக்கு இருபத்தாறு வயது.

சாவு வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் எண்ணெய் கூடாது. தலைக்கும் கிடையாது, அடுப்பிலும் கிடையாது. தாளிக்காத குழம்பு, வெறும் கீரை. கருமாதி முடிந்து தலையில் எண்ணெய் வைத்தால்தான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், நான் குறை சொல்லவில்லை.

அம்மா முதல் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. "வரட்டும், சாப்பிடறேன்" என்றாள். யார் வருவது என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நனைந்துகொண்டிருந்த வண்டியைக் கூரைக்குக் கீழே கொண்டுவரலாம் என்று போனவன், ஏன் என்று தெரியாமலே ஒரு உதை உதைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அம்மா தலையைத் தூக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி ஓடிப்போய்த் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். அம்மா சாப்பிட்டாள். நான் அணைக்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

அன்றிலிருந்து தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை போய்த் திரும்புவது என்றாகிவிட்டது. சத்தம் வாசலில் வந்து நின்றால் அம்மா சாப்பிடுவாள். அவள் ஒன்றும் பைத்தியம் இல்லை, பிள்ளை போய்விட்டான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தம் வந்தால்தான் தொண்டையில் சோறு இறங்கியது, அவ்வளவுதான்.

அந்த வண்டியை நம்பி இன்னொரு விஷயமும் இருந்தது. அஞ்சலாட்சியின் தம்பி வடிவேல் கடலூரிலிருந்து சாவுக்கு வந்திருந்தான். நல்ல பையன். "கருமாதி முடிஞ்சதும் நான் இங்கயே வந்துடறேன் மாமா. மச்சான் வண்டியையே ஓட்டி, அதே யாவாரத்தைப் பண்ணி அக்காவக் காப்பாத்தறேன். அக்கா இந்த வீட்லயே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அஞ்சலாட்சிக்கும் அதுதான் ஆசை. கடலூருக்குப் போனால் அண்ணி ஒருத்தி இருக்கிறாள், அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. ஆகவே வண்டி நல்லபடியாக இருந்தாக வேண்டும். அது ஓடினால் அவளுக்கு இந்த வீட்டில் சோறு, ஓடாவிட்டால் கடலூர்.

ஏழாம் நாள் டாங்க் காலி. பலராமன் தன் கையால் கலந்து வைத்திருந்த கடைசிப் பெட்ரோலும் தீர்ந்தது. நான் பங்க்கிலிருந்து ஒரு டப்பாவில் சாதா பெட்ரோலும் ஒரு சீசாவில் எஞ்சின் எண்ணெயும் கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்து கலக்கப்போனேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னாடா அது?"

"வண்டிக்கு எண்ணெய்மா."

"எண்ணெயா? இந்த வூட்லயா? பதினாறு முடியாமயா?"

"அய்யோ, இது தலைக்குத் தேய்க்கற எண்ணெய் இல்லம்மா. எஞ்சின் எண்ணெய்."

"எண்ணெய்னா எண்ணெய்தான். பொண்டாட்டி தலை காஞ்சு கெடக்குது, பெத்தவ தலை காஞ்சு கெடக்குது. அவன் வண்டி மட்டும் எண்ணெய் குடிச்சிட்டு மினுமினுன்னு ஓடணுமா? எங்க எல்லாரையும்விட அவன்கூட அதிக நேரம் இருந்தது அதுதான். அதுக்குத் துக்கம் இல்லயா?"

கத்தினேன். அவ்வளவும் கத்தினேன். எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் கவ்விக்கொள்ளும், வண்டி போய்விடும், வடிவேல் எதை ஓட்டுவான் என்று எல்லாவற்றையும் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தாள். தேங்காய் நார்போல் இருந்தது முடி. "பதினாறு முடியற வரைக்கும் அவன் வண்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தமாட்டேன்னு சத்தியம் பண்ணு. இல்லன்னா நீயும் எனக்கு இல்ல" என்றாள். ஒருவனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? "சரி, சத்தியம். எப்படியோ போங்க!" என்றேன்.

பங்க்கில் யாருக்கும் தெரியாமல் கலந்துகொண்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். சாமியாவது பூதமாவது என்று பேசுகிற ஆள்தான் நான். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏழு நாள்தான் ஆகியிருந்தது. சத்தியத்தை மீறி அவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் பங்க்கில் உசத்தி பம்புக்கு முன்னால் நின்று யோசித்தேன். சுத்தமான ரகம்தானே, சீராக எரியும், அவ்வளவு சூடேறாது, எண்ணெய் இல்லாததை இது கொஞ்சம் ஈடுகட்டாதா? பக்கத்துப் பட்டறை மெக்கானிக் உத்திராபதியிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.

"உசத்தியாவது ஒண்ணாவது! பெட்ரோல் எந்த ரகமா இருந்தா என்னாண்ணே, அதுல வழவழப்பு ஏது? சாதாவுல எண்ணெய் கலந்து ஊத்துனா வண்டி பத்து வருசம் ஓடும். உசத்திய வெறும ஊத்துனா பத்து நாள்ல கவ்வும். கவ்விச்சுன்னா அந்த வண்டிக்கு பிஸ்டன் வாங்க பாரீசுக்குத்தான் போவணும். வெள்ளக்காரன் போனதுலருந்து சாமான் எங்க வருது?" என்றான்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் உசத்தியைப் பிடித்துக்கொண்டுபோய் ஊற்றினேன். அவன் உயிரோடு இருந்தபோது வேடிக்கைக்குக் கேட்டதை, செத்த பிறகு போட்டேன். தெருமுனை வரைக்கும்தானே, மெதுவாகத்தானே, இன்னும் எட்டு நாள்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உள்ளே ஒட்டியிருந்த பழைய எண்ணெய் கொஞ்ச நாள் தாங்கியது. ஒவ்வொரு நாளும் வண்டியை அணைத்தபின் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு தினம் கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று.

பதிமூன்றாம் நாள் அம்மா சொன்னாள்: "நீ முனையில சுத்திட்டு வந்துடறடா. திடீர்னு வந்து நிக்குது சத்தம். அவன் மணிக்கூண்டுலருந்து வர்றது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா கேக்கும். அந்த மாதிரி ஒரே ஒரு நாள் வாடா, கலியமூர்த்தி."

என்னைப் பெயர் சொல்லி அவள் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. எட்டு வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோதுகூட இப்படிக் கூப்பிட்டதில்லை. போனேன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை போய்த் திரும்பினேன். பாதி வழியில் வண்டி முக்க ஆரம்பித்தது. நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா இந்நேரம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சத்தம் நடுவில் அறுந்துபோனால் என்ன நினைப்பாள் என்று விடாமல் ஓட்டினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. நான் ரோட்டில் விழுந்தேன், முழங்கால் தோல் உரிந்தது.

எழுந்து உதைத்துப் பார்த்தேன். கல்லை உதைத்ததுபோல் இருந்தது. நடுத்தெருவில் நின்று வண்டியைத் திட்டினேன், பெட்ரோலைத் திட்டினேன், செத்தவனைத் திட்டினேன். அப்புறம் கிளட்சைப் பிடித்து வீடுவரை தள்ளிக்கொண்டு போனேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

"பெட்ரோல் தீந்துடுச்சு" என்றேன்.

அஞ்சலாட்சி என் முழங்காலைப் பார்த்தாள். வண்டியின் பக்கத்தில் வந்து எஞ்சின்மேல் விரலை வைத்தாள், சுட்டது, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நான் கத்தின அன்றைக்குக் கதவோரத்தில் நின்று பார்த்தாளே, அதே பார்வை.

மறுநாள் உத்திராபதி வந்து திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "போச்சுண்ணே. நான்தான் சொன்னேனே" என்றான். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்று அவனை அனுப்பிவிட்டேன். பதினாலும் பதினைந்தும் லாரி வரவில்லை, பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். இரண்டு நாளும் அவள் ஒரு வாய்க் கஞ்சிதான் குடித்தாள்.

பதினாறாம் நாள் கடற்கரையில் காரியம் முடிந்தது. அஞ்சலாட்சிக்கு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. அதை எழுத என் கை வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். வடிவேல் பெட்டியோடு வந்திருந்தான், தங்கிவிடுகிற உத்தேசத்தோடு. கிண்ணத்தில் நல்லெண்ணெய் வந்தது. எங்கள் தலையில் வைப்பதற்குப் பெரியவர்கள் எடுத்தபோது அம்மா எழுந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"இருங்க. மொதல்ல அதுக்கு" என்று வாசலுக்குப் போனாள்.

வண்டியின் டாங்க்மேல், பிள்ளை உச்சந்தலையில் வைப்பதுபோல், மூன்று விரலால் எண்ணெய் வைத்தாள். தடவிக்கொடுத்தாள். "பதினாறு நாளு காஞ்சு கெடந்த, என் ராசா. இனிமே உனக்கு ஒண்ணும் தடையில்ல" என்றாள். மூடியைத் திறக்கச் சொன்னாள். நான் திறந்தேன். கிண்ணத்திலிருந்து கொஞ்சம் உள்ளேயும் ஊற்றினாள்.

"வடிவேலு, நீ உதை. நீதான இனிமே ஓட்டப்போற."

வடிவேல் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உதைத்தான். அசையவில்லை. இன்னொரு தரம் உதைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓடாதும்மா" என்றேன். "எஞ்சின் செத்துப்போச்சு. எண்ணெய் இல்லாம ஓட்டினதுல போச்சு."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "இப்படி ஆவும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பலராமனுக்கு வந்தது அம்மை இல்லன்னும் உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"அப்பறம் ஏன்டா என் பேச்சைக் கேட்ட? நான் புள்ள சாவுதேன்னு புத்தி கெட்டுக் கெடந்தவ. ஆயிரம் சொல்லுவேன். என்னைத் தள்ளிட்டு அவனைத் தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"நான் கத்தினேனேம்மா. ரெண்டு தரமும் கத்தினேனே."

"நீ எதுக்குடா கத்தல?" அம்மாவின் குரல் உயரவில்லை. "உப்பு கம்மின்னு கத்துவ. செருப்பக் காணோம்னு கத்துவ. அதே கத்தல்தான்டா அன்னிக்கும் கத்தின. எது நெசமான கத்தல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மிச்சமிருந்த எண்ணெயை அவள் என் தலையில் வைத்தாள். நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து வடிவேல் அதே பெட்டியோடு கடலூருக்குப் புறப்பட்டான். அஞ்சலாட்சியும் அவனோடு போனாள். பஸ் ஏறுவதற்கு முன்னால், "அத்தையச் சாப்பிட வைங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். இப்போது தேவனாம்பட்டினத்தில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறாள் என்று கேள்வி.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. வண்டி கூரைக்குக் கீழே நிற்கிறது, அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அதன் டாங்க்மேல் எண்ணெய் வைக்கிறாள். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கத்தேன்டா, வூடு வூடா இல்ல" என்பாள்.